முதல் தட்டில் தொடங்கும் நட்டம்

வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய தொழில்கள் பற்றிப் பேச்சு வந்தால் எம்மவர் மத்தியில் முதலில் சொல்லப்படுவது தையல். அடுத்தது கேக். மூன்றாவதாக இப்போது காளானும் சேர்ந்துவிட்டது. காணி தேவையில்லை, உரம் தேவையில்லை, வீட்டின் பின்புறத்தில் ஓர் அறை போதும், ஒன்றரை இரண்டு மாதத்தில் பணத்தைக் கண்ணால் காணலாம் என்கிறார்கள். இவற்றில் பெரும்பகுதி உண்மையே. ஆனால் சொல்லாமல் விடப்படும் ஒரு பகுதியும் இருக்கிறது. இக்கட்டுரை அந்தப் பகுதி பற்றியது.

இரத்மலானையில் வசிக்கும், எமக்குத் தெரிந்த ஒரு சகோதரியின் அனுபவத்திலிருந்து தொடங்குவோம். சீட்டுக் காசை முதலாகப் போட்டு அவர் காளான் செய்கையை ஆரம்பித்தார். இறப்பர் மரத்தூள் வாங்கி, தவிடு கலந்து, 240 பைகள் நிரப்பி, தகரப் பீப்பாயில் விறகு வைத்து அவித்து முடித்தார். காளான் விதைப் போத்தல்கள் எட்டினை, தன்னைப் போலவே வீட்டில் விதை தயாரிக்கும் ஒருவரிடமிருந்து வாங்கினார். ஒரு போத்தலுக்கு 30 பைகள் என்பது கணக்கு. மூன்று வாரத்தில் பைகள் வெள்ளையாக வேண்டும். ஆனால் வாய்ப்பகுதியில் கொஞ்சம் வெள்ளை படர்ந்து அப்படியே நின்றுவிட்டது. பையைப் பிரித்தால் புளித்த வாடை. விதைத் தானியம் வழவழவென்று பிசுபிசுத்துக் கிடந்தது. 240 பைகளில் தேறியவை மிகச் சிலவே.

பைகளைச் சரியாக அவிக்கவில்லை என்று அக்கம் பக்கத்தார் சொன்னார்கள். அந்தச் சகோதரியும் தன்னையே குறை கூறிக்கொண்டார். உண்மையில் தவறு அவருடைய அடுப்பில் நடக்கவில்லை. எட்டுப் போத்தல்களும் ஒரே தாய்த் தட்டிலிருந்து வந்தவை என்பது பின்னர் விசாரித்தபோது தெரிந்தது. காளானிலிருந்து எடுத்த சிறு துண்டை வைத்து வளர்த்த அந்த ஒரு தட்டில் பக்டீரியா இருந்திருக்கிறது. விற்றவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கே அது தெரியாது. ஆனால் கைவிரல் அகலமுள்ள ஒரு தட்டில் கவனிக்காமல் விட்டது, இன்னொரு வீட்டில் 240 பைகளின் நட்டமாகப் போய் முடிந்தது.

காளான் தொழிலில் முதல் என்பது மரத்தூளோ கொட்டகையோ அல்ல, அந்த முதல் தட்டுத்தான் என்பதே எமது கருத்து. அதைச் சுத்தமாக வைத்திருக்கத் தெரியாதவர் விதை தயாரித்து விற்கக் கூடாது. தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு அது எட்டாத வித்தையும் அல்ல.

எமக்குப் பழக்கமான கடற்பாசி

காளான் விதை என்பது நெல்விதை போன்ற விதை அல்ல. காளானின் வெள்ளை இழை படர்ந்த சோளம், குரக்கன் அல்லது நெல் போன்ற தானியமே அது. அந்த இழையைப் பெறுவதற்கு நல்லதொரு காளானின் உட்சதையில் ஒரு சிறு துண்டை எடுத்து, உணவூட்டிய அகார்ப் பாகின் மீது வைத்து வளர்க்கிறார்கள். இதனை இழைய வளர்ப்பு என்பார்கள். தாய்க் காளானுக்குரிய குணங்கள் அப்படியே பிள்ளைக்கும் வரும் என்பதுதான் இதன் பயன். பெரிதாக, கொத்தாக, விரைவாகக் காய்க்கும் ஒரு காளான் உங்கள் பையில் தோன்றினால், அதே குணமுள்ள ஆயிரம் பைகளை அதிலிருந்து உண்டாக்கலாம்.

அகார் என்றதும் ஏதோ ஆய்வுகூடச் சாமான் என்று பயப்படத் தேவையில்லை. நோன்பு காலத்தில் எமது வீடுகளில் காய்ச்சும் அதே கடற்பாசிதான். புத்தளம், திருகோணமலைக் களப்புகளில் விளையும் ஒருவகைச் செம்பாசி "சிலோன் மொஸ்" என்ற பெயரில் ஆங்கிலேயர் காலத்திலேயே வெளியுலகில் அறியப்பட்டிருந்தது.

இந்தக் கடற்பாசி ஆய்வுகூடத்துக்குள் புகுந்ததும் ஒரு சமையலறை வழியாகத்தான். ஜெர்மனியில் கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்த றொபேர்ட் கொக் என்பாரின் ஆய்வுகூடத்தில் வோல்தர் ஹெசே என்ற மருத்துவர் பணியாற்றினார். அப்போது கிருமிகளை வளர்க்க ஜெலற்றின் பயன்படுத்தப்பட்டது. கோடை வெயிலில் அது உருகிவிடும். சில கிருமிகள் அதனையே தின்று கரைத்தும்விடும். ஹெசேயின் மனைவி பனி ஹெசே 1881 ஆம் ஆண்டளவில் கடற்பாசியைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய ஒல்லாந்த அயலவர்களிடமிருந்து அதன் உபயோகத்தை அவர் அறிந்திருந்தார். ஏறத்தாழ 85 பாகை செல்சியசில் உருகி, 40 பாகைக்குக் கீழே இறங்கும்போது இறுகும் இந்தப் பாகு கொழும்பின் வெயிலிலும் உருகாது. ஜெலற்றின் போல விலங்கிலிருந்து எடுக்கப்படாமல் கடற்றாவரத்திலிருந்து வருவதால் ஹலாலா ஹராமா என்ற கேள்வியும் எழாது.

ஒரு லீற்றர் நீருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு அவித்து வடித்த சாறு, 20 கிராம் குளுக்கோஸ், 20 கிராம் அகார். உலகெங்கும் காளான் வளர்ப்போர் பயன்படுத்தும் பாகு இதுவே. சீனியும் நிறமும் கலந்து பக்கெற்றில் வரும் கடற்பாசித் தூளை மட்டும் இதற்கு வாங்கக் கூடாது.

எதிரி யார்?

காளானுக்கு ருசியான இந்தப் பாகு பக்டீரியாவுக்கும் ருசியானதே. இங்குதான் போட்டி. சிப்பிக் காளானின் இழை நாளொன்றுக்குச் சில மில்லிமீற்றர் தூரம் படரும். பக்டீரியாக்களில் சில இனங்களோ வாய்ப்பான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன. எனவே தட்டில் முதலில் ஊர்ந்து இடம் பிடிப்பவர் யார் என்பதே கேள்வி.

எம்மவர்கள் பச்சைப் பூஞ்சணத்தைக் கண்டால் உடனே இனங்காண்கிறார்கள். பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் என்று நிறத்தோடு, பஞ்சுபோல அது வரும். ஆனால் பக்டீரியா பஞ்சாக வராது. பளபளப்பான துளியாக, பால் சிந்தியது போலவோ மெழுகு உருகியது போலவோ, வெள்ளையாக அல்லது மங்கல் மஞ்சளாகக் கிடக்கும். வெள்ளையாக இருப்பதால் பலர் அதையும் காளான் என்றே எண்ணிவிடுகிறார்கள். சில வேளைகளில் இழையோடு இழையாக ஒளிந்து, கண்ணுக்கே தெரியாமலும் வரும். பச்சைப் பூஞ்சணத்தை வெளிப்படையான திருடன் என்றால், பக்டீரியாவை வீட்டுக்குள்ளேயே இருக்கும் திருடன் எனலாம்.

அது தட்டுக்குள் வரும் வழிகள் நான்கு. காளான், பாகு, கை, நீர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காளானைத் தெரிவு செய்தல்

பெரும்பாலானோர் தவறுவது இந்த முதலாவது இடத்தில்தான். சந்தையில் வாங்கி, குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வியர்த்துக் கிடந்த காளானை எடுத்து வெட்டுகிறார்கள். காளானின் மேற்பரப்பில் பக்டீரியா இல்லாத காளான் உலகத்தில் கிடையாது. நீர் ஊறிய காளானில் அது உட்சதைக்குள்ளும் போய்விடுகிறது. பிறகு எவ்வளவு ஸ்பிரிட் தெளித்தும் பயனில்லை.

இழைய வளர்ப்புக்கு எடுக்கும் காளான் உங்கள் சொந்தப் பையில் முளைத்ததாக, இளமையானதாக, விரிந்து முடியாததாக, தொட்டால் உறுதியாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். தெரிவு செய்த பைக்கு முதல் நாளிலிருந்தே நேரடியாகத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். பறித்த உடனேயே வேலையைச் செய்யுங்கள். காளானைக் கழுவ வேண்டாம். கழுவினால் கிருமியை உள்ளே அனுப்புகிறீர்கள்.

அடுத்தது, கத்தியால் நடுவில் வெட்டக் கூடாது. வெட்டினால் தோலிலுள்ள கிருமியைக் கத்தியே உட்சதைக்கு இழுத்துச் செல்லும். அடியில் சிறு கீறல் போட்டு, இரண்டு கையாலும் நீளவாட்டில் கிழிக்க வேண்டும். கிழிந்த முகத்தைத் தொடாமல், தொப்பியும் தண்டும் சேரும் இடத்தின் நடுவிலிருந்து அரை அரிசியளவு சதையை எடுத்துப் பாகின் மீது வைக்க வேண்டும். பெரிய துண்டு வைத்தால் விரைவில் வளரும் என்பது தப்பான நம்பிக்கை. துண்டு பெருத்தால் அதனுடன் வரும் ஈரமும் கிருமியும்தான் பெருகும்.

காட்டில், தோட்டத்தில் முளைத்த காளானில் ஆசைப்படுபவர்களும் உண்டு. அது வீண் ஆசை என்று சொல்ல முடியாது. இன்று தமிழ்நாட்டில் பரவலாகப் பயிரிடப்படும் பாற்காளானை 1974 இல் மேற்கு வங்காளத்தில் ஆய்வாளர் இருவர் முதன்முதலில் விவரித்தார்கள். பின்னர் இயற்கையில் முளைத்ததிலிருந்து பிரித்தெடுத்த வளர்ப்பைக் கொண்டு கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998 இல் ஏபிகே 2 என்ற இனத்தை வெளியிட்டது. ஆனால் அது இனத்தை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் செய்த வேலை. பெயர் தெரியாத காளானை வளர்த்து ஊருக்கு விற்பது உயிரோடு விளையாடுவதாகும்.

பாகும் குக்கரும்

வெறுமனே கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைப்பது இரண்டாவது தவறு. பசிலஸ் போன்ற சில பக்டீரியாக்கள் கெட்ட காலம் வரும்போது கடினமான ஓடு கட்டி உறங்கிவிடும். 100 பாகையில் கொதிக்கும் நீர் அந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்தில் நீராவி 121 பாகையை எட்டும்போதுதான் அது அழியும். சிறு போத்தல்களில் ஊற்றிய பாகுக்கு அந்த நிலையில் 15 முதல் 20 நிமிடங்கள் போதும். தானியத்துக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

வீட்டுக் குக்கரிலும் இதனைச் செய்யலாம். ஆனால் அதன் அமுக்கம் எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். அதற்குக் குறைவாக இருந்தால் நேரத்தைக் கூட்ட வேண்டும். பாரத்தைப் போடுமுன் சில நிமிடங்கள் ஆவியை வெளியேற விடுங்கள். உள்ளே காற்று தங்கினால் அமுக்கம் ஏறினாலும் வெப்பம் ஏறாது. அடுப்பை அணைத்த பின் அவசரப்பட்டு ஆவியைத் திறந்துவிடக் கூடாது. தானாக ஆறட்டும். திடீரென்று திறந்தால் பாகு பொங்கிப் பஞ்சு மூடியை நனைக்கும். நனைந்த பஞ்சு பக்டீரியாவுக்குத் திறந்த கதவு.

குக்கர் வாங்க வசதியில்லாதவர்களுக்கு 1877 இல் ஜோன் ரின்டல் என்ற விஞ்ஞானி காட்டிய வழியொன்றுண்டு. மூன்று நாட்கள் தொடர்ந்து, நாளுக்கு ஒரு தடவை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆவியில் அவிப்பது. முதல் நாள் தப்பிய உறங்கும் கிருமிகள் இரவில் விழித்து முளைக்கும். மறுநாள் ஆவி அவற்றைக் கொல்லும். நேரம் அதிகம் பிடிக்கும், குக்கரைப் போல முழு உத்தரவாதமும் இல்லை. எனினும் ஒரே தடவை அவிப்பதை விட எவ்வளவோ மேல்.

அவித்த பாகைக் கொதிக்கக் கொதிக்கத் தட்டில் ஊற்றினால் மூடியில் வியர்வைத் துளி கட்டும். கையால் தாங்கக்கூடிய சூட்டுக்கு, அதாவது 50 பாகையளவுக்கு, ஆறவிட்டு ஊற்றுங்கள். இறுகியதும் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். பக்டீரியாவுக்குக் காலில்லை, இறக்கையில்லை. தட்டுக்குள் அது பயணிப்பது தண்ணீரில்தான். ஒரு துளி மூடியிலிருந்து விழுந்து உருண்டால், ஒரு மூலையில் இருந்த கிருமி தட்டு முழுவதும் பரவிவிடும்.

ஊற்றிய தட்டுகளை அன்றே பயன்படுத்தாதீர்கள். மூன்று நாட்கள் அப்படியே வைத்துப் பாருங்கள். எதுவும் வைக்காத தட்டில் புள்ளி தோன்றினால் குற்றம் பாகிலோ ஊற்றிய விதத்திலோ என்று தெரிந்துவிடும். புள்ளி வந்ததை வீசிவிட்டு, சுத்தமாக நின்றவற்றை மட்டும் எடுங்கள். அதிலும் ஒன்றைச் சாட்சிக்காகக் கடைசி வரை வெறுமனே வைத்திருங்கள்.

கையும் காற்றும்

இலட்சக்கணக்கில் செலவழித்து வடிகட்டிய காற்று வீசும் மேசை வாங்கினால்தான் முடியும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். தொடங்குபவருக்கு, புறக்கோட்டையில் கிடைக்கும் பெரிய தெளிவான பிளாஸ்ரிக் பெட்டியொன்றைக் கவிழ்த்து, பக்கத்தில் இரண்டு கை போக ஓட்டை போட்டால் போதும். காற்று அசையாதவிடத்துத் தூசும் அசையாது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அடுக்குமாடியில் இருப்பவர்களும் இதனைச் செய்யலாம். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கூட்டிப் பெருக்கிக் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, சமையல் தொடங்காத அதிகாலையில் வேலை செய்வது நல்லது. சுபஹுத் தொழுகைக்குப் பிந்திய நேரம் இதற்கு மிகப் பொருத்தம்.

கைகளைச் சவர்க்காரத்தால் முழங்கை வரை கழுவித் துடைத்து, ஸ்பிரிட் தடவ வேண்டும். செறிவு கூடிய ஸ்பிரிட்தான் நல்லது என்பது இன்னொரு தப்பெண்ணம். கிருமியைக் கொல்வதற்கு 70 வீதமே சிறந்தது. அதிலுள்ள நீர்தான் ஸ்பிரிட்டைக் கிருமிக்குள் ஊடுருவச் செய்கிறது. 95 வீத ஸ்பிரிட் சுமார் 740 மில்லிலீற்றர் எடுத்து, கொதித்தாறிய நீர் சேர்த்து ஒரு லீற்றராக்கினால் சரி. ஆனால் ஓடு கட்டிய பக்டீரியாவை ஸ்பிரிட்டும் கொல்லாது. ஆகவே பிளேட்டை ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் மீண்டும் காய்ச்ச வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்டிக்குள் ஸ்பிரிட் தெளித்த ஈரம் காயுமுன் விளக்கேற்றக் கூடாது. ஸ்பிரிட் ஆவி ஒரு நொடியில் தீப்பற்றும். கை ஈரம் உலர்ந்த பின், விளக்கைப் பெட்டிக்கு வெளியே வைத்துப் பிளேட்டைக் காய்ச்சுவதே பாதுகாப்பு. பிள்ளைகளை அருகில் விட வேண்டாம்.

வேலை செய்யும்போது பேசக் கூடாது. பேச்சில் தெறிக்கும் எச்சில் துளி ஒன்றே ஒரு தட்டுக்குப் போதும். மூடியை முழுவதுமாகத் திறக்காமல் துண்டு நுழையுமளவு மட்டும் தூக்கி, உடனே மூடுங்கள். ஒரு காளானிலிருந்து ஒரு தட்டு மட்டும் போடாமல் எட்டோ பத்தோ போடுங்கள். எல்லாம் தேறும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். இரண்டு சுத்தமாக வந்தால் அதுவே வெற்றி.

காப்பாற்றுவதா, வீசுவதா?

மூன்றாம் நாள் இழை தெரியத் தொடங்கும். அதற்கு முன்னரே, 24 முதல் 48 மணித்தியாலத்தில், பக்டீரியா தன் முகத்தைக் காட்டும். தினமும் தட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். துண்டைச் சுற்றிப் பளபளப்பான வளையம் இருந்தால் அந்தத் தட்டு கெட்டது.

வேறு சுத்தமான தட்டு இருந்தால் கெட்டதை உடனே அவித்து வீசிவிட வேண்டும். அதுவே ஒரே தட்டாக இருந்து, இழை கிருமியை விட்டு விலகித் தூரம் ஓடியிருந்தால், ஓடும் இழையின் வெளி விளிம்பிலிருந்து ஊசிமுனையளவு வெட்டிப் புதிய தட்டுக்கு மாற்றலாம். அந்தத் துண்டைக் கவிழ்த்து, இழையுள்ள முகம் கீழே வரும்படி வைத்தால், இழை பாகினூடாகத் துளைத்து மேலே வரும். கிருமி அடியில் சிக்கிக்கொள்ளும். இப்படி இரண்டு மூன்று முறை மாற்றிய பின்னரும் சந்தேகமிருந்தால் விட்டுவிடுங்கள். காளான் இன்னும் முளைக்கும்.

பாமசியில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்கிப் பாகில் கரைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று ஆலோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். பெரிய ஆய்வுகூடங்களில் அளவறிந்து அதனைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. ஆனால் வீட்டில் கண் மதிப்பில் போடுவதை நாம் ஏற்கவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, அம்மருந்து பல வேளைகளில் கிருமியைக் கொல்லாமல் அடக்கி மட்டும் வைக்கிறது. மருந்தில்லாத தானியத்துக்கு மாறியதும் அது மீண்டும் எழும்பும். நோய் இருப்பதே தெரியாமல் நோயை விற்கும் நிலைதான் ஏற்படும். இரண்டாவது, மருந்துக்கு அசையாத கிருமிகளை எமது வீட்டுச் சமையலறையிலேயே பழக்கி எடுப்பதாக அது முடியும். நாளை எமது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதே மருந்துதான் வேண்டும்.

தானியமும் மறைந்த ஈரமும்

சுத்தமான தட்டுக் கிடைத்த பிறகும் ஒரு படி இருக்கிறது. தானியத்தின் மேல் இயல்பாகவே ஓடு கட்டிய பக்டீரியா ஏராளம். அதனால்தான் தானியத்தை 12 முதல் 24 மணித்தியாலம் ஊறவிட்டு, பிறகு அரை அவியலாக அவித்து, மேற்பரப்பு உலரும்வரை துணியில் பரப்பி, அதன் பின் போத்தலில் நிரப்பிக் குக்கரில் வைக்கிறோம். ஊறும்போது உறங்கும் கிருமிகள் விழிக்கும். விழித்ததைக் கொல்வது இலகு. உலர்த்தாமல் ஈரத்தோடு நிரப்பினால் போத்தலின் அடியில் நீர் தேங்கி, அங்கேயே புளிப்பு தொடங்கும். மேலே பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கும், அடியில் அழுகியிருக்கும்.

இதனை எழுதும்போது எமக்கு நன்கு தெரிந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னதும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று அவர்கள் கண்டித்ததும் எமது சிறுவர்களும் அறிந்தவை. காளான் விதை விற்பவருக்கு அந்தச் சம்பவம் உவமையாகக்கூடத் தேவையில்லை. சொல்லுக்குச் சொல் அவருடைய தொழிலே அது. தானியம், அடியில் ஈரம், வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாத குறை.

"எனக்கே தெரியாது" என்பது இங்கே போதுமான பதிலல்ல. தெரிந்துகொள்ளும் வழி கையில் இருக்கும்போது தெரியாமல் விற்பதும் ஒரு குறையே. வழியும் மிகச் சிறியது. போத்தலைக் குலுக்கிப் பார்த்தால் நல்ல விதை பொலபொலவென்று உதிரும். கெட்டது கட்டியாகக் கண்ணாடியில் ஒட்டும். மணந்து பார்த்தால் நல்லதில் காளான் வாசனை, கெட்டதில் புளிப்பு. இவை இரண்டிலும் தப்பியதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு தொகுதியிலும் சில தானிய மணிகளை எடுத்து ஒரு வெற்று அகார்த் தட்டில் போட்டு இரண்டு நாள் பார்க்க வேண்டும். மணியைச் சுற்றிப் பளபளப்புத் தோன்றினால் அந்தத் தொகுதி விற்பனைக்கல்ல. ஒரு தட்டுப் பாகின் செலவுதான். அந்த ஒரு தட்டை விற்றவர் போட்டிருந்தால் இரத்மலானைச் சகோதரியின் சீட்டுக் காசு தப்பியிருக்கும்.

விதை விற்பவர் ஒவ்வொரு போத்தலிலும் தயாரித்த திகதியையும் தாய்த் தட்டின் இலக்கத்தையும் எழுதி ஒட்ட வேண்டும். ஒன்று கெட்டதென்று தெரிந்தால் அதன் உடன்பிறப்புகள் எங்கே போயின என்று தேடி அறிவிக்கலாம். வாங்குபவர்களும் எட்டுப் போத்தலை ஒரே தடவையில் பைகளில் போடாமல், முதலில் ஒரு போத்தலை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

எல்லோரும் செய்ய வேண்டியதா?

இவ்வளவையும் வாசித்துவிட்டு நாளையே குக்கர் வாங்க ஓடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இழைய வளர்ப்பு எல்லோருக்குமான வேலை அல்ல. மாதம் நூறு பை வைப்பவர் விதையை நம்பகமான இடத்தில் வாங்குவதே இலாபம். இரத்மலானையிலேயே விவசாயத் திணைக்களத்தின் காளான் பயிற்சி நிலையம் இருக்கிறது. காலி வீதியில் அன்றாடம் பஸ்ஸில் போய்வரும் எம்மவரில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அரச நிலையமென்றால் வேலையாகாது என்று எட்டிப் பார்க்காமலேயே முடிவு கட்டிவிடுகிறோம். யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்டுத் தொழில் தொடங்குவதை விட, முறையாகப் பயின்று தொடங்குவது மலிவானது.

எமது சமூக நிறுவனங்களுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுயதொழில் உதவி என்று விதவைகளுக்கும் வறிய குடும்பங்களுக்கும் ஐம்பது, நூறு காளான் பைகளை விநியோகிக்கும் நிகழ்வுகளை இடையிடையே காண்கிறோம். எண்ணம் நல்லது. ஆனால் அந்தப் பைகள் இரண்டு மூன்று மாதம் காய்த்து ஓய்ந்த பின் என்ன? அடுத்த விதைக்கு எங்கே போவார்கள்? பைகளைக் கொடுப்பது மீனைக் கொடுப்பது போன்றது. தூண்டிலைக் கொடுப்பதென்றால், இரத்மலானை, தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கத்துக்கு ஒன்று, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக்கு ஒன்று என்று, பொதுவான சிறு விதைக் கூடம் அமைத்துக் கொடுக்க வேண்டும். ஓர் அறை, ஒரு நல்ல குக்கர், ஒரு காற்றசையாப் பெட்டி, பயிற்சி பெற்ற இரண்டு சகோதரிகள். இருபது குடும்பங்கள் இருபது சமையலறைகளில் அரைகுறையாகச் செய்வதை, இரண்டு பேர் ஓர் அறையில் ஒழுங்காகச் செய்யலாம். எரிவாயு விலை ஏறி இறங்கும் இக்காலத்தில் செலவும் மிச்சம்.

அந்தக் கூடத்தில் தாய் வளர்ப்புகளைக் குளிரூட்டியில் 4 பாகையளவில் பேணி, ஒன்றையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிராமல், சில மாதங்களுக்கொருமுறை நல்ல காளானிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். ஓயாமல் மாற்றிக்கொண்டே போனால் இழை களைத்து விளைச்சல் குறையும். வைக்கோல் காளானை மட்டும் குளிரூட்டியில் வைக்க வேண்டாம். வெப்பத்தில் பிறந்த அது அந்தக் குளிரில் செத்துவிடும்.

இரத்மலானைச் சகோதரி தொழிலைக் கைவிடவில்லை. இம்முறை முப்பது பைகள் மட்டும். விதை வாங்கும்போது போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கி, மூடியை முகர்ந்து, எந்தத் தட்டிலிருந்து எடுத்தது என்று கேட்கிறார். விற்பவருக்கு முதலில் முகம் சுருங்கியதாம். இப்போது அவரே எழுதி ஒட்டிக் கொடுக்கிறார். கேட்கும் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தால் ஒரு தொழில் திருந்தும். இதனை வாசிப்பவர்களில் காளான் வளர்ப்போர் யாராவது இருந்தால், அடுத்த தடவை விதை வாங்கும்போது நீங்களும் அதே கேள்வியைக் கேளுங்கள்.